மாமா எழுதிய ஆங்கிலப் பாட்டு

ஆங்கிலத்தில் பாட்டு எழுதத் தெரிந்தவர் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் என் மாமா ஒருவர்தான் என்று ஒன்பது வயதுவரை நம்பியிருந்தேன். நான் மட்டுமல்ல, வட்டவளையில் பாதிப் பேர் நம்பினார்கள். கொழும்பில் ஒரு ஹோட்டல் சமையலறையில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, கிட்டாரோடு ஊர் திரும்பியவர் அவர். தன் பாட்டை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுவதுபோல இழுத்து இழுத்துப் பாடுவார். நடுவில் அத்தையின் பெயர் வரும். அவளுக்காகவே எழுதிய பாட்டு என்று சொல்லியிருந்தார். அதைக் கேட்டுத்தான் அத்தை, வீட்டில் பார்த்திருந்த வாத்தியார் மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மாமாவைக் கட்டிக்கொண்டார். கல்யாண வீடுகளில் மாமா பாடும்போது அத்தை தலையைக் குனிந்துகொள்வார்; ஆனால் யார் யார் தன்னைப் பார்க்கிறார்கள் என்று கவனிக்கத் தவறமாட்டார்.

தீபாவளிக்குத் துணி எடுக்க அத்தையும் நானும் ஹட்டன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். டிரைவர் போட்டிருந்த பாட்டுகளுக்கு நடுவே திடீரென்று அதே மெட்டு. பாடியது ஒரு பெண். டிரம்ஸ் அதிர, வேகமாக.

“அத்த, மாமா பாட்டு! யாரோ களவெடுத்துட்டாங்க!” என்று கத்திவிட்டேன்.

முன் சீட்டில் இருந்த காலேஜ் அண்ணன் ஒருவர் திரும்பிச் சிரித்தார். “ஒங்க மாமா பாட்டா? இது அமெரிக்காவுல ஒரு கறுப்பினப் பாடகர் பாடுனது தங்கச்சி. எங்க தாத்தா காலத்துப் பாட்டு. இந்தப் பொண்ணு இப்ப புதுசாப் பாடியிருக்கு.”

அத்தையின் பெயர் வரும் இடம் வந்தது. அந்தப் பெண் ‘பேபி’ என்று பாடினாள். அத்தை என் கையைப் பிடித்த பிடியில் என் வளையல் நொறுங்கியது. ரத்தம் வந்ததைக்கூட அவர் பார்க்கவில்லை. வழியிலேயே இறங்கினோம். துணி எடுக்காமல் திரும்பி வந்தோம்.

மாமா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார்.

“ஒங்க பாட்ட பஸ்ஸுல போடுறாங்க,” என்றார் அத்தை.

கோடரி அப்படியே நின்றது. மாமாவின் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன்.

“ஹோட்டல்ல தெனமும் பாடுவாங்க,” என்றார் மெல்ல. “ஒம் பேரு மட்டுந்தான் நான் போட்டது.”

“அதுக்காக எங்கப்பாகிட்ட வெறகுக் கட்டையால அடி வாங்குனேங்க நான்.”

அத்தை கத்துவார், சட்டி பானை பறக்கும் என்று பயந்து, வாசலுக்கு வந்த என் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவரோ பாட ஆரம்பித்தார். அத்தைக்குப் பாடத் தெரியும் என்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது. அர்த்தம் தெரியாத அந்த வார்த்தைகளை ஒன்றுகூடப் பிசகாமல், மெதுவாக, மாமாவைப் போலவே இழுத்துப் பாடினார். லயத்தில் வரிசையாக ஒட்டியிருந்த வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தன் பெயர் வரும் இடத்தில் பெயரைச் சொல்லவில்லை. மாமா முகத்தைப் பொத்திக்கொண்டு விறகின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

பாடி முடித்ததும் அத்தை உள்ளே போய் மாவு பிசைந்தார். எல்லோருக்கும் ரொட்டி சுட்டார். முதல் ரொட்டியை மாமாவுக்குத்தான் வைத்தார். அதனால் சண்டை முடிந்துவிட்டது என்று நினைத்து, இரண்டாவது ரொட்டியை நான் கேட்டு வாங்கித் தின்றேன்.