கூலர் ஹோஸை அறுத்தது யார்

1. வால் முன்னால் வந்த கார்

டிராக்டரில் கட்டி, வால் முன்னே வர அந்தக் காரை என் ஷெட்டுக்கு இழுத்து வந்தபோது நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். பம்பரிலிருந்து கீழே வரை சிவப்பாக வழிந்திருந்தது. வேடிக்கை பார்க்க வந்த நாலு பேர் ரத்தம் என்று நினைத்து எட்டியே நின்றார்கள். ரத்தமில்லை, கியர் ஆயில். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றுகிற ஆயில் சிவப்பாகத்தான் இருக்கும்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த நேரம் அது. கள்ளக்குறிச்சியிலிருந்து எந்த ரோட்டில் கிளம்பினாலும் எங்காவது ஒரு புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் எந்தப் பக்கம் என்று தெரியாமல் டீக்கடையில் வாயைத் திறக்கவே பயந்தோம். எனக்கு அது பழகின விஷயம். நான் பிறவிச் சந்தேகக்காரன். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் புதுசு என்று கொடுத்தால் மோந்து பார்த்துத்தான் வாங்குவேன். 'இப்பதாண்ணே சத்தம் வருது' என்று ஒரு டிரைவர் சொன்னால், மூன்று மாதமாக வருகிறது என்று எடுத்துக்கொள்வேன். பாதி தடவை நான் நினைத்ததுதான் சரியாக இருக்கும். மீதிப் பாதியை நான் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

காரின் சொந்தக்காரர் வேலாயுதம், வடக்கனந்தல் புளி மண்டிக்காரர். கல்வராயன் மலையிலிருந்து புளியும் கடுக்காயும் அவர் மண்டிக்குத்தான் இறங்கும். ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடமிருந்து மெட்ராஸில் வாங்கி வந்த வெளிநாட்டுக் கார் அது. கிளட்ச் பெடலே கிடையாது. ஜில்லாவில் பாதி மெக்கானிக்குகள் அதைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். நான் தொட்டேன். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

வேலாயுதம் டிராக்டரிலிருந்து இறங்கினார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"நேத்து சாயந்தரம் வெள்ளிமலைக்கு ஏறிக்கினு இருக்கறோம் கோதண்டம். வூட்டுக்காரியும் வண்டில இருக்கறா. ஏழாவது வளைவுல இஞ்சின் உறுமுது, வண்டி மட்டும் பின்னால போவுது. கீழ பாத்தா பள்ளம். ஒரு கல்லுல முட்டி நின்னுச்சி. அந்தக் கல்லு இல்லன்னா இன்னிக்கு எங்களுக்குப் பால்தான்."

டிரைவர் ஏழுமலை கொஞ்சம் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நல்ல டிரைவர். ஆனால் அவன் தம்பி மறியலில் கைதாகி ஜெயிலில் இருந்தான். அது எல்லோருக்கும் தெரியும்.

காருக்கு அடியில் படுத்து, கையை மேலே விட்டு ஒழுகின ஹோஸைக் கழற்றி வெளியே கொண்டுவந்தேன். நடுவில் பாதிச் சுற்றுக்கு ஒரு வெட்டு. ஓரம் பிசிறே இல்லை. வெடித்த ஹோஸ் கிழிந்திருக்கும், வெந்த ஹோஸ் உப்பியிருக்கும். இது இரண்டுமில்லை. நான் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பெரிய டாக்டர் மாதிரி சொன்னேன்: "மொதலாளி, இது தானா போனது இல்ல. அறுத்திருக்குது."

வேலாயுதம் ஏழுமலையைத் திரும்பிப் பார்த்தார். "வண்டி மூஞ்சில கறுப்புக் கொடி கட்டிக்கினு சுத்தும்போதே நெனச்சேன். நேத்து மலையிலயே அந்தக் குச்சிய புடுங்கி எறிஞ்சேன்" என்றார்.

அந்தக் கொடியைக் கட்டியது ஏழுமலை இல்லை, நான். ஆனால் அந்த நிமிஷம் நான் அதைச் சொல்லவில்லை. கொடிக்கும் ஹோஸுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மணி பத்து அடிப்பதற்குள் ஏழுமலையை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள்.

2. பத்து நாளைக்கு முன்னால் செய்த வேலை

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குச் சூடுதான் எமன். அதனால் ஆயிலை வெளியே கொண்டுவந்து ஆற்றி உள்ளே அனுப்புவார்கள். இந்தக் காரில் அதற்கென்று ஒரு சின்ன கூலர், ரேடியேட்டருக்கு முன்னால், கிரில்லுக்குப் பின்னால் இருந்தது. போக ஒரு ஹோஸ், வர ஒரு ஹோஸ். இரண்டும் ஒட்டிக்கொண்டே போகும். பழையவை வெடிப்பு விட்டிருந்ததால் இரண்டையும் மாற்றச் சொல்லி வண்டி வந்தது.

வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். சில பேர் ரேடியேட்டர் தண்ணீர் ஹோஸை வெட்டி மாட்டிவிடுவார்கள். ஒரே மாதத்தில் ஆயில் அதை ஊறவைத்துக் களியாக்கிவிடும். நான் மெட்ராஸுக்கு ஆள் சொல்லி ஆயில் ஹோஸே வரவழைத்தேன். முனையை நேராக வெட்டி, பைப்பில் உள்ள மேட்டைத் தாண்டி ஏற்றி, மேட்டுக்குப் பின்னால் கிளிப் போட்டு முடுக்கினேன். தகரத்தில் உரசுகிற இடத்தில் பழைய டியூபைச் சுற்றினேன். இஞ்சினை ஓடவிட்டு, எல்லா கியரிலும் ஒரு தடவை போட்டு எடுத்து, அப்புறம்தான் ஆயில் அளவு பார்த்தேன். ஏழுமலை பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "இந்த வண்டி நின்னுபோனா எப்பிடிண்ணே இழுக்கறது?" என்றான். பின்சக்கரம் தரையில் படக்கூடாது, பின்பக்கத்தைத் தூக்கிக் கட்டித்தான் இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் கியர்பாக்ஸ் உள்ளே வெந்துவிடும் என்று சொல்லிக்கொடுத்தேன்.

மலை ஏற்றிப் பார்க்காமல் வண்டியை விட எனக்கு மனசில்லை. ஆனால் கச்சிராயபாளையம் ரோட்டில் மறியல். கறுப்புக் கொடி கட்டின வண்டியை விட்டுவிடுகிறார்கள் என்று பேச்சு. அந்த நாளில் எல்லோரும் செய்ததைத்தான் நானும் செய்தேன். கிழிந்த குடைத் துணியை ஒரு குச்சியில் சுற்றி, கிரில்லில் சொருகி, கட்டுக்கம்பியால் கட்டினேன். வெறும் கிரில்லில் கட்டினால் ஆடுகிறது என்று கம்பியைச் சந்து வழியாக உள்ளே விட்டு, கைக்கு உறுதியாக எது பட்டதோ அதைச் சேர்த்து வளைத்து முறுக்கினேன். கூலரைத் தாங்குகிற கம்பி என்று நினைத்தேன். குனிந்து பார்க்கவில்லை.

மலை ஏறி இறங்கினோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. கொடியை அவிழ்க்கப் போனேன். "இருக்கட்டும்ணே, நாளிக்கும் போவணும்ல" என்றான் ஏழுமலை. விட்டுவிட்டேன்.

3. அஞ்சலை கேட்ட கேள்வி

மத்தியானம் ஏழுமலையின் மனைவி அஞ்சலை ஷெட்டுக்கு வந்தாள். அழுகிற முகமாக இல்லை. நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்கதான் அறுத்திருக்குதுன்னு சொன்னீங்களாமே."

"பாத்தத சொன்னேம்மா."

"அவரு அறுத்தத பாத்தீங்களா?"

"அது எப்பிடிம்மா பாக்கறது?"

"சரி, எதுல அறுத்தாரு? கத்தியா, பிளேடா, அருவாளா? வளைவுல வண்டி பின்னால போவசொல்ல அவருந்தான உள்ள இருந்தாரு. தான் சாவறதுக்கா அறுப்பாரு? எங்கொழுந்தன் ஏற்கெனவே உள்ள. இவரும் போயிட்டா, ரெண்டு பொட்டப் புள்ளைங்கள இட்டுக்கினு நான் எங்க போவட்டும்?"

அவள் போன பிறகு ஹோஸை மறுபடி கையில் எடுத்தேன். எதில் அறுத்தான்? கத்தி இறங்கினால் வெட்டு சாய்வாக இறங்கும். இது வட்டமாக, கம்மி அகலத்தில், கயிறு தேய்ந்த தடம் போல இருந்தது. காலையிலேயே பார்த்திருக்க வேண்டும். கண் பார்த்தது, புத்திதான் ஏழுமலையின் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எழுந்துபோய் கிரில்லைக் கழற்றினேன்.

இரண்டாவது ஹோஸ் அங்கேயே இருந்தது. அதன் மேல் ஒரு கட்டுக்கம்பி, ரப்பருக்குள் பாதி புதைந்து கிடந்தது. குச்சி காற்றில் ஆட ஆட, கம்பி இரண்டு ஹோஸையும் ரம்பம் மாதிரி அறுத்திருக்கிறது. ஒன்று போய்விட்டது, இன்னொன்று பாதியில் நிற்கிறது. மலையில் வேலாயுதம் கோபத்தில் கொடிக்குச்சியைப் பிடுங்கி எறிந்திருக்கிறார், கம்பி உள்ளேயே தங்கிவிட்டது.

அப்போதும் என் சந்தேகப் புத்தி விடவில்லை. ஏழுமலை அப்புறமாக வேறு கம்பி கட்டியிருப்பானோ என்று ஓடியது. குனிந்து முறுக்கைப் பார்த்தேன். நான் இடக்கைக்காரன். ஊரில் எல்லோரும் முறுக்குகிற திசைக்கு என் முறுக்கு எதிர்த்திசை. மூன்று சுற்று சுற்றி, கையில் குத்தாமல் இருக்க முனையை உள்பக்கம் மடித்துவிடுவேன். அந்தக் கம்பியில் எதிர்த்திசையில் மூன்று சுற்று இருந்தது. முனை உள்ளே மடிந்திருந்தது.

ஷெட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். பக்கத்திலேயே கழிவு ஆயில் டிரம். அதில் அந்தக் கம்பியைப் போட்டால் முடிந்தது கதை. கொஞ்ச நேரம் அந்த டிரம்மையே பார்த்துக்கொண்டு நின்றேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். எனக்கு என் பேர்தான் சோறு. இந்த ஒரு காரால்தான் ஜில்லாவில் என் பேர் ஓடியது. ஆனால் திரும்பினபோது காரின் பின்பக்கம் கண்ணில் பட்டது. நான் சொல்லிக்கொடுத்தபடியே பின்சக்கரம் தரையில் படாமல் ஏழுமலை தூக்கிக் கட்டி இழுத்து வந்த கயிறு இன்னும் அப்படியே தொங்கியது. கெடுக்க நினைத்தவன் கியர்பாக்ஸ் வெந்துவிடும் என்று கவலைப்பட்டிருப்பானா? வெட்கமாகப் போய்விட்டது. அறுபட்ட ஹோஸையும், கம்பியோடு அந்த இரண்டாவது ஹோஸையும் கழற்றி ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

4. நாற்காலிக் காலில் கட்டிக் காட்டியது

ஸ்டேஷனில் வேலாயுதமும் இருந்தார். புகார் எழுதிக்கொடுக்க வந்திருக்கிறார். ஏழுமலையைச் சுவரோரம் உட்காரவைத்திருந்தார்கள். சட்டை இல்லை. நான் பையைப் பிரித்து மேஜை மேல் வைத்து, நடந்ததைச் சொன்னேன்.

வேலாயுதம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா கோதண்டம், காலைல அறுத்திருக்குதுன்ன. இப்ப கம்பின்ற. யாராச்சும் ஷெட்டுக்கு வந்தாங்களா?"

"ஏழுமலை சம்சாரம் வந்துச்சி. ஆனா அதுக்காக இல்ல மொதலாளி."

"பாத்தீங்களா சார்" என்று அவர் சப்-இன்ஸ்பெக்டரிடம் திரும்பினார்.

சப்-இன்ஸ்பெக்டர் மேஜை மேல் இருந்த கம்பியைத் தொடக்கூட இல்லை. "யோவ் மெக்கானிக், பயப்படாத. ஷெட்ட கொளுத்திருவோம்னு எவனாவது சொன்னானா? பேர மட்டும் சொல்லு. நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

வாழ்நாள் முழுக்க அடுத்தவன் சொன்னதை நம்பாமல் இருந்தவன் நான். இப்போது நானே என் குற்றத்தைச் சொல்கிறேன், ஒருத்தரும் நம்பவில்லை. ஏழுமலைகூட என்னை நம்பாமல்தான் பார்த்தான். இதில் என்ன சூது இருக்கிறது என்று தேடுகிற பார்வை அது.

"சார், ஒரு கட்டுக்கம்பி இருந்தா குடுங்க" என்றேன்.

பிடிபட்ட சாமான்களைக் கட்டி வைக்கிற இடத்திலிருந்து ஒரு கான்ஸ்டபிள் ஒரு துண்டு கொண்டுவந்தார். அங்கே இருந்த நாற்காலிக் காலில் அதைச் சுற்றி, எப்போதும் போல முறுக்கினேன். மூன்று சுற்று. முனையை உள்ளே மடித்தேன். பிறகு கான்ஸ்டபிளையும் வேலாயுதத்தையும் கட்டிக் காட்டச் சொன்னேன். இரண்டு பேர் முறுக்கும் வேறு திசையில் விழுந்தது. கடைசியாக ஏழுமலையைக் கூப்பிட்டுக் கட்டச் சொன்னார் சப்-இன்ஸ்பெக்டர். அவன் முறுக்கும் அவர்கள் முறுக்கு மாதிரிதான் விழுந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் குனிந்து, ஹோஸில் இருந்த கம்பியையும் நாற்காலிக் காலையும் மாறி மாறிப் பார்த்தார். "நொட்டாங்கையா நீ?" என்றார்.

"ஆமா சார்."

"அந்தக் கொடி?"

"அதுவும் நாந்தான் கட்டினேன். மொதலாளி காலைல அவனச் சொல்றப்ப வாய மூடிக்கினு இருந்தேன். அதுவும் என் தப்புதான்."

வேலாயுதம் எழுந்து போய்விட்டார். போகும்போது என்னைப் பார்க்கவில்லை. மறுநாளே காரைச் சேலத்துக்குத் தூக்கிப்போனார். அதற்கப்புறம் அந்தக் கார் என் ஷெட்டு வாசலை மிதிக்கவில்லை. ஏழுமலையை அன்று இருட்டுவதற்குள் விட்டுவிட்டார்கள். சட்டையைப் போட்டுக்கொண்டு என்னைத் தாண்டி நடந்து போனான். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

5. இப்போது தொழிலுக்கு வருகிறவர்களுக்கு

ஹோஸ் எதுவானாலும், ஆயிலோ தண்ணீரோ பெட்ரோலோ, கம்பியால் கட்டாதீர்கள். கம்பிக்குப் பொறுமை ஜாஸ்தி. அது ஆடி ஆடி அறுத்துக்கொண்டே இருக்கும். அகலமான பட்டை போடுங்கள், கீழே ரப்பர் வையுங்கள். ஹோஸ் மேல் வேறு எந்தச் சாமானையும் கட்டாதீர்கள், திருஷ்டி எலுமிச்சம்பழம்கூட வேண்டாம். கை போகிற இடத்துக்குக் கண்ணும் போக வேண்டும். அறுபட்ட சாமானைப் பார்த்து ஆள் பேர் சொல்லாதீர்கள். தடம் என்ன என்று மட்டும் சொல்லுங்கள்.

வேலாயுதம் வேலையை விட்டு நிறுத்தும் முன்னாலேயே ஏழுமலை சாவியைக் கொடுத்துவிட்டு, சங்கராபுரத்தில் ஒரு லாரிக்குப் போய்விட்டான். ஒன்றரை வருஷம் கழித்து ஒருநாள் அந்த லாரி என் ஷெட்டு வாசலில் நின்றது. ரேடியேட்டர் ஹோஸ் மாற்ற வேண்டும் என்றான். ஊரில் வேறு மெக்கானிக் இல்லையா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வேலையை முடித்துக் கையைத் துடைத்தேன்.

அவன் வண்டியில் ஏறவில்லை. முன்னால் போய்க் குனிந்து, கிரில் சந்து வழியாக ஒவ்வொரு இடமாகப் பார்த்தான். கையை உள்ளே விட்டுத் தடவினான். எனக்குச் சுருக்கென்றது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனே சொன்னான்:

"தப்பா நெனச்சிக்காதீங்கண்ணே. உங்க மேல நம்பிக்க இருக்குது. இல்லன்னா வருவனா? ஆனா நான் பாக்காம எடுக்க மாட்டேன்."

நான் போய் டார்ச் எடுத்து வந்து, அவன் பார்த்து முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டிருந்தேன்.