மாத்திரைக் கூடு

மார்கழி பிறந்தால் என் மனைவிக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொள்ளும். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு பனிக்காலம் அவளைப் படுக்கையில் தள்ளியது. பிழைப்பாளா என்றே தெரியவில்லை. அடுத்த பனிக்கு முன்பே வேலூர் டாக்டர், "உடம்புல சத்தே இல்ல, இதை விடாம போடணும்" என்று வைட்டமினும் துத்தநாகமும் சேர்ந்த கேப்சூல் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பாதி சிவப்பு, பாதி மஞ்சள். உள்ளே தூள்.

நான் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் இருந்தேன். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய மாட்டுத்தோலின் சவ்வைச் சீவி, ஓரம் வெட்டுவது வேலை. கழிவை ஒரு லாரி வந்து அள்ளிப்போகும். எங்கே என்று நான் கேட்டதில்லை. யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லை.

ஒரு நாள் டீக்கடையில் லாரி டிரைவரே என்னைப் பார்த்துச் சொன்னார்.

"இன்னாபா, நான் அள்ளினு போறதெல்லாம் குப்பைன்னா நெனச்ச? காய்ச்சி வடிச்சா கண்ணாடி மாதிரி வருது. மாத்திரைக்குக் கூடு பண்றாங்க."

"டீ குடிக்கிற நேரத்துல பேஜார் பண்ணாதண்ணா" என்றார் கடைக்காரர்.

"நீ இதுவரைக்கும் எத்தினி மாடு முழுங்கினியோ, போ!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டில் அவள் அடுப்படியில் இருந்தபோது ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். வேர்வை பட்டதும் இளகி, ரேகையோடு ஒட்டிக்கொண்டது. தொட்டியிலிருந்து எடுத்த தோல் இப்படித்தான் கையை விடாது. அதை டம்ளரில் போட்டு வெந்நீரை ஊற்றினேன். உப்பிச் சுருண்டு, மெல்ல அசைந்தது.

அவளுக்குக் கறி வாசமே ஆகாது. ஆனால் எந்த சோப்புக்கும் போகாத என் கை வாசத்தை மட்டும் ஒன்றும் சொன்னதில்லை. விஷயத்தைச் சொன்னால் மாத்திரையைத் தொடமாட்டாள். தொடாவிட்டால் பனி அவளை விடாது. தினமும் நானே மாத்திரையை எடுத்துக் கொடுத்து, சொம்பில் தண்ணீர் நீட்டினேன்.

ஒரு காலை, பனி வாசல்வரை வந்து நின்றிருந்தது. அவள் மாத்திரையை மூக்கருகே கொண்டுபோனாள்.

"இன்னா மோந்து பாக்குற?"

"ஒண்ணுமில்லீங்க. இதுல உங்க கை வாசம் அடிக்குது. அதான் முழுங்க முடியுது."

முழுங்கிவிட்டுச் சிரித்தாள்.

அந்த மார்கழியில் அவள் படுக்கவில்லை. மாத்திரையாலா, காதை மூடிக் கட்டிய மஃப்ளராலா, எனக்குத் தெரியாது. இருமாமல் தூங்கினாள். மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று முதுகில் கை வைப்பேன். தோல் சூடாக ஏறி இறங்கும். என் கைக்கு அது தொட்டியில் ஏற்கெனவே பழகிய தோலாக இருக்கும். கையை எடுத்துக்கொள்வேன்.