பிஸ்டன் இல்லாத மெசின்

இதை நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் இலங்கையில் டயகம பக்கம் போய், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான அந்த லயத்தில் எந்தக் கதவை வேண்டுமானாலும் தட்டிக் கேட்கலாம். எல்லா வீட்டிலும் இதையேதான் சொல்வார்கள். தோட்டத்தின் பெயரை மட்டும் நான் எழுதவில்லை. அவர்கள் இன்னும் அங்கேதான் வேலைக்குப் போகிறார்கள்.

பிரேமினிக்கு இருபது வயது. சின்ன வயதிலிருந்தே கோபக்காரி. ஆனால் அந்த வருடம் அவளுக்கு வந்த கோபம் வேறு மாதிரி.

லயத்துக்கு மேலே, சரிவின் விளிம்பில் ஒரு பெரிய டர்பன்டைன் மரம் நின்றது. தைல மரத்தைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள். பாதி வேர் மண்ணில், பாதி வேர் வெளியே. வெளியே தொங்கிய வேருக்குக் கீழே ஆழமான பள்ளம். மரம் லயத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. ஆடிக் காற்றில் ஒரு கிளை முறிந்து, கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு வீட்டுக்குள் விழுந்தது. உள்ளே தம்பி துஷாந்த் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான். டிக்கோயா ஆஸ்பத்திரியில் அவன் காலுக்குக் கம்பி வைத்தார்கள்.

அம்மா நாகலெட்சுமி, மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவிடம் போய் நின்றாள்.

“மரமெல்லாம் கம்பனிக்குச் சொந்தம். வெட்டுற முறை வரும்போது வெட்டுவாங்க.”

“அதுக்குள்ள விழுந்துட்டா ஐயா?”

“விழுறப்ப பாப்போம். போ.”

அம்மா வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னாள். அழவில்லை. பிரேமினிக்கு அதுதான் இன்னும் எரிந்தது.

“யாரும் வெட்ட வேணாம்மா. நானே வெட்டுறேன்.”

ஹட்டனில் ஒரு பழைய இரும்புக் கடை. அங்கே துருப்பிடித்த சாமான்களுக்கு அடியில் மரம் வெட்டும் மெசின் ஒன்று கிடந்தது. அவள் பிறப்பதற்கு முந்தைய காலத்து செயின்சோ. செயின் இல்லை. பெயின்ட் இல்லை. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனம். ஸ்டார்ட் செய்கிற கயிற்றை இழுத்தால் அசையவே இல்லை.

கடைக்காரர் நாகலிங்கம் சிரித்தார். “இது ஓடாது தங்கச்சி. செத்துப் போன மெசின்.”

“செத்துச்சா இல்லையான்னு நான் பாத்துக்கிறேன்.”

அதுவரை அவள் ஒரு சைக்கிள் பெல்லைக்கூடக் கழற்றியதில்லை. போனில் வீடியோ பார்த்துக் கற்றாள். பேசுகிற மொழி புரியாது. அதனால் கைகளை மட்டும் பார்த்தாள். எந்த நட்டை முதலில் கழற்றுகிறார்கள்... எதைத் துடைக்கிறார்கள்... எதை எதற்குப் பக்கத்தில் வைக்கிறார்கள்.

வீட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த ஆட்டுக் கொட்டில்தான் அவளுடைய கராஜ். மேல் மூடியைக் கழற்றினாள். காபரேட்டரைக் கழற்றினாள். உள்ளே இருந்த மெல்லிய ரப்பர் தகடு அப்பளம் போல நொறுங்கியது. பிளக்கைக் கழற்றி சிலிண்டருக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டாள். அப்புறம் சிலிண்டரைத் தட்டித் தட்டி மேலே இழுத்தாள்.

உள்ளே மண். சிவப்பு மண்.

மண் இருந்தது அவளுக்கு ஆச்சரியமாக இல்லை. அது ஈரமாக இருந்ததுதான் ஆச்சரியம். எத்தனை வருடமாகக் கடைக் கூரைக்குக் கீழே காய்ந்து கிடந்த மெசின்!

துடைத்தாள். கழுவினாள். துணியில் சுற்றி வைத்தாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்து துணியைப் பிரித்தால், புகை போகிற ஓட்டையில் மறுபடியும் மண். அதே சிவப்பு. அதே ஈரம்.

“டேய் துஷாந்த்! கைய வச்சியா?”

“நான் எப்படிக்கா அங்க வருவேன்?” கட்டுப் போட்ட காலைக் காட்டினான்.

அடுத்தது நட்டுகள். விரலால் லேசாகத் திருகிவிட்டுப் போன நட்டுகள், மறுநாள் ஸ்பானருக்கும் அசையாத அளவுக்கு இறுகியிருந்தன. கைப் பலமுள்ள யாரோ முறுக்கியது போல. அதற்கு அடுத்த நாள், செயின் ஓடுகிற இடத்தின் மூடிக்குள்ளே ஒரு பிடி மரத்தூள்.

செயினே இல்லாத மெசின் அது.

முகர்ந்து பார்த்தாள். பச்சைத் தைல வாசனை மூக்கில் ஏறியது.

வேறு யாராவது என்றால் பயந்திருப்பார்கள். பிரேமினிக்குக் கோபம்தான் வந்தது. யாரோ விளையாடுகிறார்கள். ஒரு பொம்பளப் பிள்ளை மெசின் கழற்றுகிறாள் என்று கேலி செய்கிறார்கள். கொட்டிலுக்குப் பூட்டுப் போட்டாள். சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் பறித்த தேயிலைக் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்தவள், தேத்தண்ணிகூடக் குடிக்காமல் கொட்டிலுக்குப் போனாள். பிஸ்டனுக்குப் புது ரிங் வாங்கி வந்திருந்தாள். பழைய த்ரீவீல் ஆட்டோவின் ரிங் இதற்குச் சரியாக வரும் என்று ஹட்டனில் ஒருவன் சொல்லியிருந்தான். பிஸ்டனின் காடியில் ரிங்கை வைத்து மெல்ல விரித்தாள்.

டிக்.

ரிங் இரண்டாக உடைந்தது.

“சனியனே!” உடைந்த துண்டுகளைச் சுவரில் வீசினாள். இரண்டு நாள் சம்பளம் போனதைவிட, இன்னும் எத்தனை நாள் அந்த மரத்துக்குக் கீழே தூங்க வேண்டும் என்பதுதான் அவளை அறைந்தது. மெசினிலிருந்து பிஸ்டனைத் தனியாக எடுத்துச் சட்டைப் பையில் போட்டாள். திங்கட்கிழமை கடைக்கே கொண்டுபோய் அளந்து வாங்க வேண்டும்.

வெளியே மூடுபனி இறங்கிவிட்டது. நாலரை மணிதான். ஆனால் பக்கத்து வீட்டுக் கதவுகூடத் தெரியவில்லை.

கொட்டிலைப் பூட்டிவிட்டுத் திரும்பினாள்.

டுர்... டுர்...

நின்றாள்.

டுர்ர்... டுர்ர்ர்ர்ர்...

மேலே. மரத்தடியில். செயின்சோ சத்தம்!

மறுபடியும் கொட்டிலைத் திறந்தாள். மெசின் பலகைமேல் அப்படியே கிடந்தது. சிலிண்டர் தனியாக. மூடி தனியாக. வேறு யாரோ வேறு மெசினோடு வந்திருக்கிறார்கள். கம்பனி ஆட்கள். கீழே ஆள் இருக்கிறதென்றுகூடப் பார்க்காமல்...

ஸ்பானரைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள்.

லயத்தில் கதவுகள் படார் படார் என்று திறந்தன. எல்லோருக்கும் அதே நினைப்பு, அதே கோபம். “உள்ள புள்ளைங்க இருக்கு! சொல்லாமக் கொள்ளாம மரம் வெட்டுறானுங்களா!” என்று பக்கத்து வீட்டுக் காளியாயி கத்துவது பனிக்குள் கேட்டது. “எல்லாரும் வெளிய வாங்க! பெரட்டுக் களத்துக்குப் போங்க!” காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற திடல் அது. அம்மா துஷாந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதை, அவன் வலியில் கத்தியதிலிருந்து தெரிந்துகொண்டாள்.

பிரேமினி பள்ளத்துக்குள் இறங்கினாள். மரத்துக்குப் போகிற குறுக்கு வழி அதுதான்.

“யாருடா அது? நிறுத்துடா!”

சத்தம் நிற்கவில்லை. எகிறியது. அவளை விடப் பெரிய கோபத்தில் யாரோ பதில் சொன்னது போல.

பனியில் நீலப் புகை கலந்து இறங்கியது. எண்ணெய் கருகும் நாற்றம். காலுக்குக் கீழே மண் அதிர்ந்தது.

அவள் முகத்தில் ஏதோ விழுந்தது. மழையா?

துடைத்தாள். மரத்தூள். சூடாக இருந்தது.

தலைக்கு மேலிருந்து கொட்டியது.

நிமிர்ந்தாள். தொங்கும் வேர்கள். பனி. வேறு எதுவும் இல்லை.

ஆள் இல்லை.

ஆனால் சத்தம் அங்கேதான். அவள் தலைக்கு நேர் மேலே...

திடீரென்று நின்றது.

ஒரு நிமிடம் எதுவும் கேட்கவில்லை.

அப்புறம் ஒரு ஆண் குரல். மரம் வெட்டுகிறவர்கள் எச்சரிக்கிற அதே கூவல். வாய் நிறைய எதையோ அடக்கிக்கொண்டு கத்துவது போல.

“மரம் வருதோ...ய்!”

க்றீ...ச்...

பாய்ந்தாள். தேயிலைச் செடிகளுக்குள் விழுந்தாள். பூமியே இடிந்தது.

கண்ணைத் திறந்தபோது மரம் சரிவுக்குக் குறுக்கே கிடந்தது. லயத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்த மரம், லயத்தைத் தொடவே இல்லை. கடைசி வீட்டுக் கோழிக்கூடு மட்டும் நசுங்கியிருந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

கண்டாக்கு ஐயா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். இறங்கும்போதே கை நீண்டது.

“நீதானே மெசின் வச்சிருக்க? யாரக் கேட்டு கம்பனி மரத்த வெட்டின? பொலிசுல புடிச்சுக் குடுத்துருவேன்!”

பிரேமினி கொட்டிலுக்குப் போனாள். மெசினைத் தூக்கி வந்து அவர் காலடியில் தொம்மென்று போட்டாள். சிலிண்டரைப் பக்கத்தில் வைத்தாள். சட்டைப் பையிலிருந்து பிஸ்டனை எடுத்து அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

“இது இல்லாம மெசின் ஓடுமா? செயின் இல்லாம மரம் அறுக்குமா? ஓட்டிக் காட்டுங்க ஐயா. காட்டுங்க!”

அவர் மெசினைக் காலால் புரட்டிப் பார்த்தார்.

“தம்பி கால் ஒடஞ்சப்ப இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. மரம் விழுந்ததும் ஓடி வந்துட்டீங்க.”

லயமே அவள் பின்னால் வந்து நின்றது. அவர் எல்லோரையும் ஒரு முறை பார்த்தார். மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை, விழுந்த மரத்தைத் துண்டு போட கம்பனி ஒரு சிங்கள மரவெட்டியை அனுப்பியது. கருணாபால என்று பெயர். நல்ல மனிதர். முதலில் அடிமரத்தைப் பார்த்தார். பார்த்ததும் பிரேமினியைக் கூப்பிட்டார். தங்கச்சியைச் சிங்களத்தில் நங்கி என்பார்கள்.

“நங்கி, இங்க பாரு. தொழில் தெரிஞ்ச பெரிய பாஸ் ஒருத்தன் வேல இது. லயத்துப் பக்கம் விழாம மரத்தத் திருப்பி வெட்டியிருக்கான். ரொம்பப் பழைய மெசின். மரத்துல மெசின் பல்லு குத்தின தடம் இருக்கு, பாரு. அப்ப அவன் நின்னது... இந்தப் பக்கம்...”

கையை நீட்டியவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

அவர் காட்டிய இடத்தில் தரை இல்லை. கீழே பள்ளம்தான். இரண்டு ஆள் ஆழம்.

“ஏணி வச்சிருப்பாங்களா?” என்றாள் பிரேமினி.

“ஏணியில நின்னு இப்படி வெட்ட ஏலாது நங்கி. ரெண்டு காலும் தரையில ஊண்டணும்.” அவர் தன் மெசினை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். “எனக்கு இந்த வேல வேணாம்.”

போய்விட்டார்.

அன்று அடுப்படியில் பிரேமினி அம்மாவிடம் அதைச் சொன்னாள். அம்மாவின் கை நின்றது. ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.

“அந்த எடத்துல முன்ன தரை இருந்துச்சு. உனக்கு ரெண்டு வயசு இருக்கும்போதுதான் மண் சரிஞ்சுச்சு. தோட்டத்துல நல்லமுத்துன்னு ஒரு மரம் வெட்டுறவரு இருந்தாரு. இந்த மரம் லயத்து மேல விழுந்துரும், வெட்டணும்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. வெட்டக் கூடாதுன்னுட்டாங்க. ஒரு நாள் கொட்டுற மழையில, யாரையும் கேக்காம மெசினத் தூக்கிக்கிட்டுப் போனாரு. மெசின் சத்தம் லயம் வரைக்கும் கேட்டுச்சு. அப்புறம் நின்னு போச்சு.”

“அப்புறம்?”

“மண்ணோட விழுந்த மரமெல்லாம் கம்பனி சாமானுல்ல? டிரக்டர் கொண்டாந்து ஒன்னு விடாம இழுத்துட்டுப் போனாங்க. மரத்தோட வந்த அவரு மெசினையும் பழைய இரும்புக்கு வித்துட்டாங்க. அவர எடுக்கல.”

“எடுக்கலன்னா... எங்கம்மா?”

“நீ சனிக்கெழம நின்னு சத்தம் போட்டியே, அந்தப் பள்ளத்துக்கு அடியிலதான். இன்னும் அங்கதான் இருக்காரு.”