பனியனின் உள்பக்கம்

"எழுத்தெல்லாம் பெருசு பெருசா எடுப்பா இருக்குது கண்ணு" என்றார் முதலாளி. கம்பெனிக்காக நான் செய்த வெப்சைட் பக்கத்தில் தலைப்பை முடிக்கும் குறியைப் போட மறந்திருந்தேன். அதனால் கடைசி வரி வரைக்கும் தலைப்பு அளவிலேயே தடித்து நின்றது. அதை அப்படியே விட்டுவிட்டேன். எனக்குப் பாராட்டு கிடைப்பதே அபூர்வம்.

அருள்புரத்தில் அந்தச் சின்ன பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தவள் நான். தைத்து வரும் பனியனை உள்பக்கம் திருப்பி, தையல் விட்டிருக்கிறதா, நூல் தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கொஞ்சம் இங்கிலீஷ் வரும் என்பதால் பிறகு ஆபீஸுக்கு மாற்றினார்கள். எங்களிடம் பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர், கம்பெனிக்கு வெப்சைட் உண்டா என்று கேட்டதும் முதலாளி என்னைத்தான் பார்த்தார். "நீதான் கம்ப்யூட்டர்ல உக்கார்றியே, ஒண்ணு பண்ணிப்போடு."

யூடியூப் பாடத்தைப் பார்த்துப் பார்த்து நோட்பேடில் அடித்தேன். கோண அடைப்புக்குறி ஒன்று விட்டுப்போனாலும் பக்கம் வெள்ளையாக முழிக்கும். போட்டோ வரவே இரண்டு நாள் ஆனது. எங்கள் பிரிவுகளைப் பற்றி எழுதும்போது முதலாளி சொன்னபடி, 'எல்லா வேலையும் ஒரே கூரையின் கீழ்' என்று அடித்தேன். அது பொய். பிசிறு நூல் வெட்டும் வேலை ஐந்து வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. தைத்த பீஸ் எதுவும் கம்பெனிக்கு வெளியே போகக் கூடாது என்பது பையரின் கண்டிப்பான விதி. போவது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டோம்.

அந்த ஐந்தில் முதல் வீடு எங்களுடையது. முழங்கால் தேய்ந்து அம்மாவால் கம்பெனிக்கு நடக்க முடியவில்லை. என்னிடம் கை நீட்டாமல் இருக்க அவளுக்கு இருந்தது அந்த வேலை ஒன்றுதான்.

அடுத்த பாடத்தில் ஒரு குறி வந்தது. அதற்குள் எழுதுவது பக்கத்தில் தெரியாது, உங்கள் குறிப்புகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றது அந்தக் குரல். எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. எங்கள் கட்டிங் மாஸ்டர் எண் போடுவதெல்லாம் துணியின் உள்பக்கத்தில்தான். நமக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்பதை அங்கேதான் எழுதுவோம். 'ஒரே கூரையின் கீழ்' என்ற வரிக்குக் கீழே அந்தக் குறியைப் போட்டு, ஐந்து வீட்டு விலாசத்தையும், எந்த வீட்டுக்கு எந்த பண்டில் என்பதையும் மறக்காமல் இருக்க அடித்து வைத்தேன். பக்கத்தைத் திறந்தால் ஒன்றும் தெரியவில்லை. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். பக்கம் இன்டர்நெட்டில் ஏறியது, அதன் லிங்க் பையருக்கும் போனது.

பத்து நாள் கழித்து அடுத்த பாடம் பார்த்தேன். எந்தப் பக்கத்திலும் ரைட் கிளிக் செய்து 'வியூ பேஜ் சோர்ஸ்' கொடுத்தால் அதன் பின்னால் எழுதியிருப்பது முழுக்கத் தெரியும் என்றார்கள். எங்கள் பக்கத்தில் செய்து பார்த்தேன். முதல் விலாசமே எங்கள் வீடு. ஆயிரம் பனியனைத் திருப்பிப் பார்த்தவளுக்கு, அடுத்தவரும் திருப்பிப் பார்ப்பார் என்று தோன்றவில்லையே!

உடனே அழித்து மறுபடி ஏற்றினேன். மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் போன் அடித்தால் பையரோ என்று முதலில் நம்பரைப் பார்த்தேன். முதலாளியிடம் சொல்ல வாய் வரவில்லை. அம்மாவிடம் அதைவிட வரவில்லை.

விதிப்படி வேலை நடக்கிறதா என்று பார்க்க, பையர் ஆபீஸிலிருந்து ஆடிட்டுக்கு வந்தவர் கம்பெனிக்குள் நுழையவே இல்லை. கையில் ஒரு தாள் வைத்திருந்தார். முதலில் இந்த விலாசத்துக்குப் போக வேண்டும், பேச்சை மொழிபெயர்க்க ஒரு ஆள் வேண்டும் என்றார். முதலாளி என் காதருகே வந்து, "ஆரோ போட்டுக் குடுத்துட்டாங்க கண்ணு. நீயே போய்ட்டு வந்துரு" என்றார். தாளில் இருந்தது நான் அடித்த எழுத்து, நான் அழிப்பதற்கு முன்னாலேயே எடுத்த பிரிண்ட்.

அம்மா கதவைத் திறந்து வைத்து, மடியில் பனியன்களோடு நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். வந்தவர் படம் எடுத்தார். பிறகு குனிந்து, மடியில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். அம்மா வெறும் மடியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, நம்ம வெலாசத்த இவருக்கு யாரு குடுத்தா?"

அம்மா என்ன கேட்கிறார் என்று வந்தவர் என்னிடம் கேட்டார். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதாகச் சொன்னேன். அவர் சிரித்துத் தலையாட்டினார்.

"என்னட்டி சொல்லுதாரு?"

"அவருக்குத் தண்ணி வேணுமாம், அம்மா."

அம்மா இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் எடுக்க எழுந்தாள்.