சப்பாத்தோடு ஒரு ஓட்டம்

பெர்லினில் எடுத்த ஒரு பிரெஞ்சுப் படத்தில் நான் நடித்திருக்கிறேன். மொத்தம் நான்கு செக்கன். பொலிஸ் துரத்த, ஒரு அறைக்குள் ஓடிவந்து கதவைச் சாத்தவேண்டும். அவ்வளவுதான்.

எண்பதுகளில் இலங்கையிலிருந்து தப்பி, ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கிய எங்கள் சனங்களைப் பற்றிய சோகப் படம் அது. நானும் அங்கே வந்திறங்கி, ஒளிந்து ஓடித் திரிந்தவன்தான். எனக்கு நடிப்பெல்லாம் தேவையில்லை என்று படத்தை இயக்கிய பிரெஞ்சு அம்மாவுக்கு முதலே சொல்லிவைத்தேன். நான் கோப்பை கழுவும் உணவகத்திலிருந்து கோயில்வரை எல்லோருக்கும் செய்தி போய்விட்டது. மனைவி மட்டும் பெரிதாக எடுக்கவில்லை. "ஓடத்தானே விடுகினம். அதுக்குப் பேர் நடிப்போ?"

முதல் தடவை வேகமாக ஓடிவந்தேன். வாசலில் நின்று, இரண்டு சப்பாத்தையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனேன்.

குற்றம் என்னுடையதல்ல. அறைச் சுவரில் முருகன் படம், முன்னால் ஒரு விளக்கு. அலங்காரத்துக்குப் பொறுப்பான பிரெஞ்சுப் பெண் கடைகடையாக அலைந்து வாங்கியது. அதைக் கண்டதும் கால்கள் என்னைக் கேட்காமலே நின்றுவிட்டன. இரண்டாம் தடவையும் அதே கதை. மூன்றாம் தடவை சப்பாத்து நூலை இரட்டை முடிச்சுப் போட்டுக்கொண்டு ஓடினேன். குந்தியிருந்து அவிழ்த்தேன். துரத்திவந்த பொலிஸ் நடிகர் நான் அவிழ்த்து முடியும்வரை மரியாதையாகக் காத்துநின்றார்.

இயக்குநர் கோபப்படவில்லை. உதவியாளரிடம் மெல்ல ஏதோ சொன்னார். அவர் அதை எனக்கு ஜெர்மனில் சொன்னார்: இன்னும் ஒரு தடவை, சரிவராவிட்டால் அந்தத் தம்பி ஓடட்டும்.

அந்தத் தம்பி தமிழ்நாட்டுக்காரர். வால்டோர்ஃபில் கம்ப்யூட்டர் வேலை. கூட்டத்தில் ஒருவராக நிற்க லீவு போட்டு வந்தவர். நல்ல பிள்ளை. "டென்ஷன் ஆகாதீங்கண்ணா. சும்மா ஓடி வரணும், அவ்ளோதானே? நான் பாத்துக்கறேன்."

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த எனக்கு எங்கிருந்தோ ஒரு பிடிவாதம் வந்தது.

"தம்பி, நீர் விசாவோட வந்தனீர். இந்த ஓட்டம் என்ரை. நான்தான் ஓடுவன்."

படத்தைக் கழற்றிவிடலாமா என்று உதவியாளர் கேட்டார். அலங்காரப் பெண்ணின் முகம் வாடியது. வேண்டாம் என்றேன். நாங்கள் ஒளிந்திருந்த அறையிலும் சுவரில் முருகன் இருந்தவர்தானே. ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி, வெறுங்காலோடு உள்ளே போய்க் கும்பிட்டேன். "முருகா, நாலு செக்கன். கொஞ்சம் அங்காலை திரும்பியிரு."

பிறகு சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஓடினேன். வாசலில் கால் கூசியது. பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினேன். கதவைச் சாத்திவிட்டு, சுவரைப் பார்த்தபடி நடுங்கிக்கொண்டு நின்றேன். இயக்குநர் எழுந்துவந்து கையைப் பிடித்தார். பொலிசுக்குப் பயந்தவனின் கண்கள் அப்படித்தான் இருக்கும் என்றாராம். நான் யாருக்குப் பயந்தேன் என்று அவருக்குச் சொல்லவில்லை.

அடுத்த வருடம் படம் இங்கே திரைக்கு வந்தது. கோயில் ஆட்கள் மூன்று வரிசை நிறைய இருந்தார்கள். என் நான்கு செக்கன் வந்தது. நான் ஓடிவந்தேன். பின் வரிசையில் ஒரு அக்கா வாய்விட்டே சொன்னார்: "சாமிப் படத்துக்கு முன்னாலை சப்பாத்தோட நிக்கிறார், பாருங்கோ."

மூன்று வரிசையும் திரும்பி என்னைப் பார்த்தது. மனைவி மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவர் நடிக்கிறார் அக்கா," என்றாள்.