டர்ன்டேபிளுக்கு வைத்த பொட்டு

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். கடிதம் எழுத உட்கார்ந்தால் நலம், நலமறிய ஆவல் என்பதற்கு மேல் ஓடாது. நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறக்கவும் வராது. அப்படிப்பட்டவன் புத்தகம் படிக்கிறவர்கள் முன்னால் வந்து நிற்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் விலைமதிப்பில்லாத ஒரு ரெக்கார்டு பிளேயர் எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் இருந்ததையும், அது என் கையால் மெருகு போட்ட கல்லின் மேல் உட்கார்ந்திருந்ததையும் நான் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள் என்று நினைத்துத்தான் துணிந்தேன்.

எண்பதுகளில் காரிமங்கலத்தை ஒட்டிய ஒரு கருங்கல் குவாரியின் பாலிஷ் பட்டறையில் நான் வேலை பார்த்தேன். எங்கள் கல்லில் பெரும்பகுதி வெளிநாட்டுக் கல்லறைகளுக்குத்தான் போகும். குவாரிக்கும் பட்டறைக்கும் நடுவில் முதலாளியின் வீடு. முதலாளிக்கு இரண்டே பைத்தியம், ஒன்று கல், இன்னொன்று இசைத்தட்டு. கல் வாங்க வந்த ஒரு ஜெர்மன்காரர் மூலமாக அவர் அந்த மிஷினை வரவழைத்தார். என்ன விலை என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பணத்துக்கு ஒரு புது லாரி எடுத்திருக்கலாம் என்று டிரைவர்கள் பேசிக்கொண்டார்கள்.

நான் அதற்கு முன் பார்த்த ரெக்கார்டு பிளேயர்கள் எல்லாம் கல்யாணத்துக்கு வரும் மைக் செட்காரர்களுடையவை. ஊசி குதிக்காமல் இருக்க அதன் தலையில் பத்துப் பைசாக் காசை வைத்து ஓட்டுவார்கள். இது அந்த ஜாதியே இல்லை. தட்டு சுற்றும் வட்டம் செங்கல் கனத்தில் ஒரே உலோகம். தூக்குவதற்கு இரண்டு கையும் வேண்டும். மோட்டார் அதோடு ஒட்டாமல் தனியாக நிற்கும், நடுவில் மெல்லிய ரப்பர் பட்டை ஒன்றுதான். சுவிட்சை நிறுத்திய பிறகும் ஒரு டம்ளர் காபி குடித்து முடிக்கிற வரைக்கும் வட்டம் தானாகச் சுற்றும். முதலாளி அதைத் தொடும் முன் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி வைப்பார். இசைத்தட்டை அப்பளம் எடுப்பது போல ஓரத்தில் மட்டும் பிடிப்பார். அவர்கள் கூட்டத்தில் இதை ரெக்கார்டு பிளேயர் என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள். டர்ன்டேபிள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர்கள் கூட்டம் என்று நான் சொல்வது பெங்களூரில் இருந்த அவருடைய சிநேகிதர்களை. மாதம் ஒருவர் வீட்டில் கூடி, கண்ணை மூடிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து கேட்பார்களாம். வயலின்காரர் மூச்சு விடுவது கேட்கிறதா, மிருதங்கத் தோல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பேசிக்கொள்வார்களாம். முதலாளியின் மனைவியை நாங்கள் அம்மா என்போம். அவருடைய தம்பிதான் அந்தக் கூட்டத்துக்குப் பெரிய தலை.

மிஷின் வந்த புதிதில் தேக்கு மேசை மேல் வைத்திருந்தார்கள். ஒரு நாள் பாட்டு ஓடும்போது குவாரியில் வெடி வைத்துவிட்டார்கள். வீடு அதிர, ஊசி எகிறி, நல்ல வீணைத் தட்டு ஒன்றில் குறுக்கே கீறல் விழுந்தது. செய்தி பெங்களூருக்குப் போனதும் மைத்துனர் புறப்பட்டு வந்துவிட்டார்.

"மாமா, இது வெடி போடற எடத்துல இருக்க வேண்டிய சாமானா? எங்கூட்டுக்கு அனுப்பிடுங்க. நீங்க வந்து எப்ப வேணா கேளுங்க."

"நாலு மாசம் குடு மாப்ளே. அதுக்கப்புறமும் ஊசி குதிச்சா நீயே எடுத்துட்டுப் போ."

ரோஷத்தில் சொன்ன வார்த்தை. ஆனால் சொன்ன வார்த்தையை மாற்றுகிறவர் இல்லை அவர். அந்த மிஷின் போய்விட்டால் மனுஷன் பாதியாகிவிடுவார் என்பது பட்டறையில் எல்லாருக்கும் தெரியும்.

மறுநாளே என்னைக் கூப்பிட்டார். ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையில் படித்திருந்தார். கனமான கல், அதற்கு அடியில் காற்று என்பது அவர் யோசனை. கல்லைத் தேர்ந்தெடுத்து, அறுத்து, மெருகு போட்டு, மட்டம் பார்த்து உட்கார வைப்பது என் வேலை. குவாரியில் ஒரு கோடு, ஒரு புள்ளி இல்லாத கல் கிடைக்கும்வரை காத்திருந்தேன். கரகரப்பான சாணைக்கல்லால் தேய்க்கத் தொடங்கி, நைசுக்கு இறங்கி, கடைசியில் பவுடர் போட்டு ஃபெல்ட் துணியால் தேய்த்து முடித்தபோது அதில் தெரிந்த கூரை ஓடுகளை எண்ணலாம். அடியில் ஸ்கூட்டர் டியூப்களைப் பாதிக் காற்றில் வைத்தோம். ஒரு பக்கம் காற்று கூடினால் மறுபக்கம் சாயும். காற்றை விட்டு, அடித்து, ரசமட்டத்தின் குமிழ் எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் நடுவில் நிற்கும்வரை விடவில்லை. முதலாளி பக்கத்திலேயே குந்தியிருந்தார். ஒரு தரம்கூட அவசரப்படுத்தவில்லை.

கல்லைப் போட்ட பிறகு அவர் பாட்டு வைத்தார், ஆனால் வெடி நேரத்தில் மட்டும் வைக்கவே இல்லை. எனக்கு அது புரிந்தது. பரீட்சை எழுதாதவரைக்கும் ஃபெயில் இல்லை.

பெங்களூர்காரர்களை அவர் அழைத்தது ஆயுத பூஜை அன்றைக்கு. எல்லாருக்கும் லீவு நாள் என்றார். குவாரிக்கும் அன்று லீவு, வெடி கிடையாது. அதற்காகத்தான் அந்த நாளைப் பார்த்தாரோ என்று எனக்கு ஒரு எண்ணம்.

அன்று காலை பட்டறையில் கழுவித் துடைத்து எல்லா மிஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம். நான் கிறிஸ்தவன், எங்கள் பக்கத்தில் வேதக்காரர் என்பார்கள். ஆனாலும் என் பாலிஷ் மிஷினை நான்தான் கழுவுவேன். பொட்டு மட்டும் பக்கத்து மிஷின்காரர் வைப்பார். பொரி, கடலை, சுண்டல் எல்லாருக்கும் ஒரே பங்கு. பொட்டு வைத்த மிஷினை அன்று யாரும் ஓட்டமாட்டார்கள். மறுநாள் மறுபூஜை முடிந்துதான் சுவிட்சைத் தொடுவது.

பொரி வாங்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் போனேன். முதலாளி குவாரியில் கம்ப்ரஸருக்குப் பூஜை போடப் போயிருந்தார். அம்மா தட்டில் சந்தனத்தோடு கூடத்தில் நின்றிருந்தார். கார், தையல் மிஷின், கிரைண்டர், டி.வி. எல்லாவற்றுக்கும் வைத்து முடித்துவிட்டு, கல்லுக்கு முன்பக்கம் மூன்று பொட்டும், மிஷினின் அடிப்பலகையில் ஒரு பொட்டும் வைத்து, ஒரு முழம் கதம்பத்தையும் சுற்றியிருந்தார்.

"ஊசி பக்கம் போவலப்பா. ஓரமாத்தான் வெச்சேன். சரியா இருக்குதா?" என்றார்.

சரியாகத்தான் இருந்தது. பார்க்க லட்சணமாகவும் இருந்தது. நான் தலையாட்டினேன். அந்த நேரத்தில் கார் வந்து நின்றது.

மைத்துனரோடு ஒரு டாக்டரும், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு இன்ஜினீயரும் இறங்கினார்கள். முதலாளியும் குவாரியிலிருந்து வந்து சேர்ந்தார். டாக்டர் உள்ளே வந்து கல்லைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப வந்தார்.

"இது என்ன கல்லுங்க?"

"கல்லறைக்குப் போற கல்லுதான் டாக்டர். ஃபர்ஸ்ட் குவாலிட்டி," என்றார் முதலாளி.

"அப்ப நான் பாட்டு கேட்டுட்டே செத்தாலும் செலவு மிச்சம்."

எல்லாரும் சிரித்தார்கள். மைத்துனர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"வெடி இல்லாத நாளாப் பாத்து கூப்ட்டிருக்கீங்களே மாமா. பரவால்ல. போடுங்க, கேப்போம்."

முதலாளி கடிகாரத்தைக் கழற்றினார். அம்மா சமையலறையிலிருந்து வந்து நடுவில் நின்றார்.

"என்னங்க இது? பொட்டு வெச்சாச்சுங்க. நாளைக்குத்தான்."

"இது பாட்டு பொட்டிம்மா. இதுக்கு எதுக்கு அதெல்லாம்?"

"கரண்டுல சுத்துதா இல்லையா? சரி, மிஷினு இல்லன்னே வெச்சுக்கங்க. சரஸ்வதிக்கு வெச்ச வீணையவே இன்னிக்கு யாரும் தொடமாட்டாங்க. இது அதவிட ஒசத்தியா?"

மைத்துனர் அக்காவிடம் பேசிப் பார்த்தார்.

"அக்கா, எழுபது மைல் தாண்டி வந்திருக்கோம். சும்மா பாத்துட்டுப் போறதா?"

"எழுபது மைல் வந்த தம்பி ஒரு ராத்திரி அக்கா வூட்ல தங்க மாட்டியா? வருசத்துக்கு ஒருக்கா வர, அதுவும் மிஷினப் பாக்க."

டாக்டர் வேறு பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினார். அப்போதுதான் மைத்துனரின் பார்வை என் மேல் விழுந்தது.

"இவரு வேதக்காரர்தானே? இவருக்கு ஏது ஆயுத பூஜை? இவரு சுவிட்சப் போடட்டும், இவரே ஊசிய வெக்கட்டும். நாம யாரும் தொட வேணாம். சாமி குத்தமும் இல்ல."

அம்மா யோசித்தார். மறுக்கவில்லை. முதலாளி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது எனக்குத் தெரியும். இன்றைக்கு ஓட்டினால் வெடி இல்லை, ஊசி குதிக்காது, மிஷின் வீட்டில் நிற்கும். நாளைக்கு என்றால் லீவு முடிந்த முதல் வெடி. அது எப்போதும் பெரிய வெடி.

அந்த மிஷினை நான் அதுவரை தொட்டதே இல்லை. கல் வரைக்கும்தான் என் கை போயிருந்தது. தொட்டுப் பார்க்க ஆசை இல்லாமல் இல்லை. நாலு பேர் முன்னால் பேசுகிறவனும் இல்லை நான். இருந்தும் வார்த்தை வந்துவிட்டது.

"நான் வேதக்காரன்னு மிஷினுக்குத் தெரியாதுங்க. எம்மிஷினும் இன்னிக்குப் பொட்டு வெச்சு சும்மாதாங்க நிக்குது."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தேன். பிறகு, முதலாளிக்கு மட்டும் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "நாளைக்கே ஓட்டுங்க மொதலாளி. கல்லு நிக்குங்க," என்றேன்.

முதலாளி கடிகாரத்தை எடுத்து மறுபடி கையில் கட்டிக்கொண்டார்.

"அவன் சொன்னா சரி. நாளைக்கு வெடி போடறப்பவே கேப்போம் மாப்ளே. குதிச்சா அப்பவே ஏத்திக்க."

அதற்குப் பிறகு அந்தப் பகல் முழுக்க அவர்கள் அந்த மிஷினைக் கேட்காமலே ரசித்தார்கள். இப்படியும் ரசிக்க முடியும் என்று அன்றுதான் பார்த்தேன். டாக்டர் பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்துப் பொட்டு படாமல் கல்லின் மேல் வைத்தார். இன்ஜினீயரைத் தரையில் குதிக்கச் சொன்னார். அந்த வயதான மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தார். டாக்டர் இன்னும் பலமாக என்றார். அவர் மறுபடி குதித்தார். சமையலறையில் பாத்திரம் ஆடியது.

"நாடி இல்ல. செத்த பிணம் மாதிரி இருக்கு," என்றார் டாக்டர். அதிர்வு துளியும் ஏறவில்லை என்று அர்த்தம், அவர்கள் பாஷையில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது என்று முதலாளி பிறகு எனக்கு விளக்கினார்.

ஸ்டெதஸ்கோப்பை டாக்டர் எனக்கும் கொடுத்தார். காதில் மாட்டிக் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. என் கல்லின் சத்தம் அதுதான். பிறகு மைத்துனரும் வாங்கி, முழங்காலிட்டு, வெகுநேரம் கேட்டார். எழுந்திருக்கும்போது கல்லின் ஓரத்தை உள்ளங்கையால் ஒரு தரம் தடவிவிட்டுப் போனார். தொடும் முன் அவர் தன் மோதிரத்தைக் கழற்றியிருந்ததை நான் கவனித்தேன்.

சாயங்காலம் நான் கிளம்பும்போது அம்மா இலையில் சுண்டல் கட்டிக் கொடுத்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

மறுநாள் காலை மறுபூஜை முடிந்து இசைத்தட்டைப் போட்டார்கள். பதினோரு மணி வாக்கில் குவாரியில் வெடி வைத்தார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, ஊசி குதிக்கவில்லை, பாட்டு நிற்காமல் ஓடியது. மிஷினைக் கல்லின் மேலேயே விட்டு, சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் காரில் பெங்களூர் போனார்கள். நான் பட்டறைக்குப் போய்ப் பாதியில் கிடந்த ஒரு கல்லுக்குத் தண்ணீர் விட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன்.