பார்த்துக்கொள்ளச் சொன்ன வனஜா டீச்சர்

இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு, வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். பக்கத்துத் தெரு கௌரி போன் செய்தாள். "அக்கா, நம்ம யோகா டீச்சர் போய்ட்டாங்க. தூக்கத்துலயே." அடுப்பை அணைத்தேனா இல்லையா என்பதே பஸ் ஏறிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

வேங்கிக்காலில் வனஜா டீச்சர் வீட்டு மொட்டைமாடியில், கீற்றுக் கொட்டகைக்குக் கீழே யோகா கற்றுக்கொண்ட உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். எம்.எஸ்சி. படிக்கிற என் பேத்தி தானே எழுதித் தருவதாகச் சொன்னாள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் டீச்சரைப் பற்றி இன்னொருவர் கையால் எழுத மனம் ஒப்பவில்லை.

அப்போது எங்கள் மாவட்டம் தனியாகப் பிரிந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். மதியம் சாப்பிட்டு மல்லாந்து படுத்த என் வீட்டுக்காரர் எழுந்திருக்கவேயில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எப்போது மூச்சு நின்றது என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு என்னால் மல்லாந்து படுக்க முடியவில்லை. படுத்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். சுவரில் சாய்ந்தே தூங்கினேன். இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை என்றார் டாக்டர். கௌரிதான் என்னை டீச்சரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

அந்த வெள்ளிக்கிழமை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். ஆசனங்கள் முடிந்ததும் டீச்சர் எல்லோரையும் சவாசனத்தில் படுக்கச் சொன்னார்.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா பொணம் மாதிரி படுக்கச் சொல்றீங்களே டீச்சர்! இப்பத்தான் வெளக்கேத்திட்டு வந்தேன்" என்றாள் கௌரி.

"சரி, நாளைக்குப் படுக்கலாம்."

"சனிக்கெழமையா? சனிப் பொணம் தொணைக்கு ஆள் கேக்குமே!"

"அப்போ ஞாயித்துக்கெழம?"

"அமாவாசைங்க!"

டீச்சர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, உங்க ஊர்ல பொணமாகறதுக்கு ஒரு நல்ல நாளே கெடையாதா?"

சிரித்தபடியே எல்லோரும் படுத்துவிட்டார்கள். நான் மட்டும் படுக்கவில்லை. டீச்சர் அருகில் வந்து மெதுவாகக் காரணம் கேட்டார். சொன்னேன்.

"நீங்க படுக்க வேணாங்க்கா. இவங்க எல்லார் வயிறும் ஏறி எறங்குதானு பாத்துக்கினு இருங்க. ஒருத்தரையும் விடக் கூடாது."

வரிசையாகப் பார்த்தேன். கௌரியின் வயிறு குறட்டையோடு ஏறும். ஒருநாள் ஒருத்தியின் வயிறு அசையாததுபோலத் தோன்றவே, அவள் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். அவள் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் மாடிக்கு ஓடி வந்தார். "நல்லாத்தான் காவல் காக்கறீங்க" என்றார் டீச்சர். மாதக்கணக்கில் இதுதான் எனக்கு யோகா. மனசு நாலாபக்கமும் ஓடுகிறதே என்று புலம்பினால், "ஓடட்டும். புடிக்கப் போனா நீங்களும்தான் ஓடணும். வயித்தப் பாருங்க" என்பார்.

ஒரு மழைநாளில் என்னைத் தவிர யாரும் வரவில்லை. "இன்னைக்கு நீங்க படுங்க. நான் பாத்துக்கறேன்" என்றார். படுத்தேன். பயத்தில் கண்ணைத் திறந்து திறந்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். விழித்தபோது மழை விட்டிருந்தது.

"ஜாஸ்தி நேரம் தூங்கிட்டேனா?"

"கம்மிதான்" என்றார். மரத்துப்போன காலோடு நொண்டிக்கொண்டே எழுந்தார்.

கௌரி போன் செய்த அன்று, டீச்சர் வீட்டுக் கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் அவரை மல்லாந்து கிடத்தியிருந்தார்கள். பழக்கம், என் கண் நேராக வயிற்றுக்குத்தான் போனது. கௌரி வந்து கையைப் பிடித்து இழுக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

அன்றிலிருந்து மறுபடியும் படபடப்பு. மறுபடியும் சுவர். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. நேற்று மதியம் வீட்டில் யாரும் இல்லை. பாயை விரித்து மல்லாந்து படுத்தேன். மனசு பேத்தி வரும் பஸ்ஸுக்கு ஓடியது, அணைக்காமல் வந்த மோட்டார் சுவிட்சுக்கு ஓடியது. வயிற்றில் கை வைத்தேன். ஏறியது. இறங்கியது. பயம் போகவில்லை. அது போகும் என்று டீச்சரும் ஒருநாளும் சொன்னதில்லை. பயத்தோடு படுத்திருக்கக் கற்றுக்கொடுத்தார். அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது அதுதான்.

மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டது. நான் எழுந்து ஓடவில்லை.